வலத்துக் கல், இடத்துக் கல்

நல்லகாமன் இறந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பாடை கட்டிய ஆட்கள், முகத்தைப் பார்த்து வயது அறுபது இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். மதுரைக்கு வெளியே, மேலூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கல்லூரியில் பதினேழு வருஷம் அவர் அட்டெண்டர். மற்ற ஊழியர்கள் ‘கல்லு டிபார்ட்மெண்ட்’ என்று கேலி பேசிய நிலவியல் துறைதான் அவருடைய இடம். அட்டெண்டர் என்றால் கதவைத் திறந்து பெஞ்சைத் துடைக்கிறவர் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதையும்தான் செய்தார். ஆனால் அவருடைய அசல் வேலை, பாறையை அறுத்து, வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுப்பது. அதற்கு ஸ்லைடு என்று பெயர். அந்தத் துறையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொண்ட அத்தனை பேரும் நல்லகாமன் தேய்த்த ஸ்லைடுகளின் மேல் ஏறி நின்றுதான் போட்டுக்கொண்டார்கள்.

செக்கானூரணிக்கு மேற்கே மானாவாரிக் காட்டை உழுத குடும்பம் அவருடையது. அப்பா தவசி சந்தையில் மாடு பார்த்து வாங்குவதில் பேர் போனவர். காளையின் நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழித்திருப்பதைப் பார்த்து, இது குடிவாழ வைக்கும் சுழி, இது குடிகெடுக்கும் சுழி என்று சொல்லிவிடுவார். மூன்று வருஷம் வரிசையாக மழை பொய்த்ததில் எல்லாச் சுழியும் குடிகெடுக்கும் சுழியாகிப் போயிற்று. உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டு, மனைவி ஒச்சாயியைக் கூட்டிக்கொண்டு நல்லகாமன் மதுரைக்கு வந்தார். கல்லூரிக்குப் பாறைப் பெட்டி சுமக்கப் போனவரின் கை நடுங்காமல் இருப்பதைக் கண்டு, துறைத் தலைவர் கைலாசநாதன் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார். அது அறுபத்தேழாம் வருஷம்.

வேலையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். ரம்பம் கல்லை இரண்டாகப் பிளக்கும். ஏருக்குப் பின்னால் நிற்பதுபோல ரம்பத்துக்குப் பின்னால் நின்றுதான் அறுப்பார். அதனால் வலப்பக்கம் விழும் பாதி வலத்துக் கல், இடப்பக்கம் விழும் பாதி இடத்துக் கல். அவர்கள் ஊரில் ஏரில் பூட்டும் மாடுகளை அப்படித்தான் சொல்வார்கள். வலத்துக் கல்லின் அறுத்த முகத்தைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், இடத்துக் கல்லை எண் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒட்டிய கல்லைக் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும் குழைத்த தகட்டில் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வெள்ளைக்கல் துணுக்குகள் முதலில் மஞ்சளாகத் தெரியும். அவை சாம்பல் வெள்ளைக்கு மாறுகிற நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு இழுப்புக் கூடினால் கல் கரைந்து கண்ணாடிதான் மிஞ்சும். நல்லகாமன் கையில் அப்படிப் போன ஸ்லைடு மொத்தத்தில் நான்கோ ஐந்தோதான்.

ரம்பத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி எழும்பாது. பங்குனி பிறந்தால் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் ரம்பத்துக்கு யார் ஊற்றுவார்கள்? வருஷத்தில் நாலு மாதம் வறட்டு அறுப்புதான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் தலைவர். துறை அவருக்குச் செய்துகொடுத்த பாதுகாப்பு அந்த ஒரு வாக்கியம்தான், துண்டுகூட அவருடையது. எழுபத்தைந்திலேயே இருமல் தொடங்கிவிட்டது.

பட்டு என்கிற பெண் அந்தத் துறைக்கு ஆராய்ச்சி செய்ய வந்தது எழுபத்து நாலில். மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளும் அம்மா தர்மாம்பாளும் மட்டும். அப்பா போய்விட்டார், அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வயசு இருபத்தேழு ஆகிறது, கல்லைக் கட்டிண்டு அழறாள் என்று உறவில் பேசினார்கள். டாக்டர் பட்டம் கிடைத்தால் அதே துறையில் விரிவுரையாளர் வேலை உண்டு. கிடைக்காவிட்டால் அவளுக்கு எங்கும் ஒன்றும் கிடையாது. இது கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், நல்லகாமனுக்கும் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்டது கருங்கொண்டை மலை. அதன் அடிவாரத்தில் ஒரு பழைய பிளவு ஓடுகிறது. கணக்கில் அடங்காத காலத்துக்கு முன்னால், எல்லாம் பூமியின் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தபோது, பிளவின் இரண்டு பக்கத்துப் பாறையும் ஒன்றையொன்று நெருக்கி உரசிக்கொண்டே நகர்ந்தன. மலை எழும்பியது அந்த நெருக்கலில்தான். எந்தப் பக்கம் எந்தத் திசைக்கு நகர்ந்தது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பார்த்த சாட்சி ஒன்றே ஒன்று, பாறைக்குள் சிவப்பாகக் கிடக்கும் கார்னெட் மணிகள்.

நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் நல்லகாமன் கேட்டார்.

“இம்புட்டு நேரமா என்னத்தம்மா தேடுறீக?”

“சீடை உருட்டிப் பாத்திருக்கேளா, நல்லகாமன்? ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல மாவு. மேல் கை முன்னால போனா சீடை ஒரு பக்கமா உருளும், பின்னால போனா மறுபக்கமா உருளும். இந்த மணி பாறைக்குள்ள அப்படி உருண்டுண்டே வளந்திருக்கு. வளரச்சே சுத்தியிருந்த பொடித் துணுக்கெல்லாத்தையும் வரிசை வரிசையா உள்ள வாங்கிண்டிருக்கு. உருண்டதால அந்த வரிசை முறுக்கிண்டு நிக்கறது. முறுக்கு எந்தப் பக்கம்னு பாத்தா, மலை எந்தப் பக்கம் நகந்ததுன்னு சொல்லிடலாம்.”

நல்லகாமன் குனிந்து பார்த்தார். சிவப்பு மணிக்குள் கறுப்புப் புள்ளிகள் வளைந்து வளைந்து உள்ளே போயின.

“அட, இது சுழில்ல!” என்றார்.

பட்டுவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவள் நோட்டிலும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்றே ஏறியது.

எழுபத்தேழு சித்திரையில், ஊரே அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் திரண்டிருந்த வாரத்தில், நல்லகாமனின் ஒரே மகள் அழகம்மாள் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். ஒன்பது வயது. காய்ச்சல் வந்து மூன்றே நாள். புதைத்துவிட்டு வந்த மறுநாள் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. மெட்ராஸில் படமெடுக்கும் மைக்ராஸ்கோப் ஒன்று பட்டுவுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது, அதற்குள் பன்னிரண்டு ஸ்லைடு வேண்டும், வர முடியுமா என்று கேட்டிருந்தாள். சாவு நடந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆள் அனுப்பினாள். ஒச்சாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்; போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நல்லகாமன் சட்டையைப் போட்டுக்கொண்டு திருவிழாக் கூட்டத்துக்கு எதிராக நடந்து போனார்.

ரம்பத் தகட்டில் வலப்பக்கம் பல் மழுங்கியிருந்தது. அறுக்க அறுக்க வலத்துக் கல்லின் முனை பொரிந்து உதிர்ந்தது. புதுத் தகடு வர இரண்டு மாதம் ஆகும். இடத்துக் கல் மட்டும் வழுவழுவென்று இருந்தது. இரண்டும் ஒரே கல்லின் பாதிதானே? மாட்டைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் மாடு முரண்டு பிடிக்கும், உழவு மாறியா போகும்? இடத்துக் கல்லை எடுத்து ஒட்டினார். உழவனாகப் பிறந்த யாருக்கும் தோன்றுகிற நியாயம்தான் அது. ஐந்து நாளில் பன்னிரண்டு ஸ்லைடு, அத்தனையும் வறட்டு அறுப்பு. தூசியில் கண் எரிந்தது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது, அழுதாலும் யாரும் கேட்கவில்லை.

எண்பதாம் வருஷம் பட்டு ஆய்வேட்டை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று ஸ்லைடு. முப்பத்தொன்றில் வலஞ்சுழி, பன்னிரண்டில் இடஞ்சுழி. வலஞ்சுழி மட்டும் இருந்திருந்தால் அது கைலாசநாதன் எப்போதோ எழுதி வைத்த பழைய கதை. பன்னிரண்டு இடஞ்சுழிதான் புதிது. மலை முதலில் ஒரு பக்கம் போய், பிறகு திரும்பி வந்திருக்கிறது என்று அவள் எழுதினாள். கைலாசநாதன் பெருமையில் பூரித்துப்போனார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று அவள் கட்டுரையை வாங்கிப் போட்டது.

ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை நல்லகாமனுக்கு வந்தது. இடஞ்சுழிப் பன்னிரண்டிலும் பட்டு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் அரைத்த தேதியைக் கீறி வைப்பது அவர் வழக்கம். சிவப்புப் பொட்டு வைத்ததில் எல்லாம் ஒரே வாரத்துத் தேதி. எந்த வாரம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் என்ன தப்பு என்று பிடிபடவில்லை.

நாலு நாள் கழித்து, ஒத்தக்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது பிடிபட்டது. வைக்கோல் வண்டி ஒன்று மேலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் பஸ் வருகிறது என்று வண்டிக்குப் பின்னால் சாலையைக் கடந்து போய் நின்று திரும்பினார். அதே வண்டி, அதே மேலூருக்குத்தான் போகிறது. சக்கரம் இப்போது இடப்பக்கமாகச் சுற்றியது. இந்தப் பக்கம் நின்றால் வலம், அந்தப் பக்கம் நின்றால் இடம். வலத்துக் கல்லை ஒட்டினால் சுழியை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறோம், இடத்துக் கல்லை ஒட்டினால் மறுபக்கத்திலிருந்து. கருங்கொண்டை மலை எங்கும் திரும்பி வரவில்லை. திருப்பி வைத்தது அவர்தான். பஸ் வந்து நின்று போய்விட்டது, அவர் ஏறவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனை சறுக்கினால் ஆனை மட்டும் விழும். இங்கே ஒரு பெண்ணின் ஆறு வருஷம் கூடச் சேர்ந்து விழப்போகிறது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தார். முனை பொரிந்த வலத்துக் கற்கள் பன்னிரண்டும் எண்ணோடு அப்படியே இருந்தன. பொரிந்த பாகத்தை அறுத்துத் தள்ளிவிட்டு மறுபடி ஸ்லைடு போடலாம். ஆனால் முந்தின வருஷமே ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நெஞ்சு முழுக்கக் கல்தூசி, இனி ரம்பத்தின் பக்கம் போனால் நாளை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு நல்லகாமனுக்குச் சாவிக்கொத்தும் அலமாரியும் மட்டும்தான் வேலை.

மே மாதம் கல்லூரி பூட்டிக் கிடந்தது. சாவி அவரிடம் இருந்தது. தண்ணீர் வழக்கம்போல இல்லை.

“ஊரான் மலை எந்தப் பக்கம் போனா ஒனக்கென்ன? மொதல்ல ஒன் மூச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு” என்று ஒச்சாயி வாசலை மறித்தாள்.

“தப்பு என் கையில நடந்துருக்கு ஒச்சாயி. அந்தப் புள்ள அத நம்பி எழுதிருச்சு.”

“பெத்த புள்ளையப் பொதச்ச மறுநாளே ஒன்னைய வேலைக்குக் கூப்பிட்டவுகதான அவுக.”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கினி வெயிலில் பதினெட்டு நாள். ஒரு ஸ்லைடு முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருமுவார், பிறகு அடுத்த கல். கடைசி இரண்டு நாளும் துண்டில் ரத்தம் வந்தது. பன்னிரண்டையும் வரிசையாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டும் வலஞ்சுழி.

ஜூன் முதல் வாரத்தில் பட்டு வந்ததும் பெட்டியை அவள் மேஜைமேல் வைத்து, வண்டிச் சக்கரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவள் திட்டுவாள், அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“தெரியும்” என்றாள்.

நல்லகாமனுக்குப் புரியவில்லை.

“ஒரு வருஷமாத் தெரியும். பன்னெண்டும் ஒரே வாரத்துத் தேதி. மலையில வேற வேற இடத்துல பொறுக்கின கல்லு, அதெப்படி உங்க தேதியப் பாத்துத் திரும்பும்? கல்லோட பாதி மாறியிருக்கும், இடத்துக் கல்லை ஒட்டியிருப்பேள்னு அப்பவே தோணித்து. உங்களைக் கேட்டா நீங்க நிஜத்தைச் சொல்லிடுவேள். அதான் கேக்கலை.”

“இப்ப சரியா அரைச்சுக் கொண்டாந்துட்டேன்மா. மாத்தி எழுதிருங்க. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன், தப்பு என்னோடதுன்னு.”

“மாத்தி எழுதினா என்ன மிச்சம் இருக்கும்? சார் எழுதினதையே நான் ஆறு வருஷம் காப்பி அடிச்ச மாதிரி இருக்கும். முப்பதாம் தேதி கெடு முடியறது. அம்மாவுக்கு என் முகமே தெரியலை நல்லகாமன், குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கறா.” அவள் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “அன்னிக்கு நான் உங்களை வரச் சொல்லியிருக்கப்படாது.”

“நீங்க கூப்பிட்டீகன்னு வரலம்மா. வீட்ல இருக்க முடியல, வந்தேன்.”

அவள் பெட்டியைத் திறந்து, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நல்லகாமன் நின்றுகொண்டே இருந்தார். கடைசி ஸ்லைடையும் எடுத்துப் பெட்டியில் வைத்து மூடி, அவரிடமே நீட்டினாள்.

“ரொம்ப நன்னா அரைச்சிருக்கேள்” என்றாள்.

ஆய்வேடு பழையபடியே போனது. மறு வருஷம் பட்டு டாக்டர் ஆனாள், அதற்கு மறு வருஷம் அதே துறையில் விரிவுரையாளர். நல்லகாமன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல, அவள் அம்மாவின் கண்ணை நினைத்தார், தன் மகளின் சாவில் விளைந்த தப்பை ஊர் நடுவில் போட்டுக் கிளற மனசு வராததும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஸ்லைடை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்கவும் முடியவில்லை. இருக்கிற மூச்சில் பாதியை அதற்குக் கொடுத்திருந்தார். இறுதியாண்டு மாணவர்கள் பார்க்கும் ஸ்லைடுத் தட்டில் பட்டு பாடத்துக்கென்று வைத்திருந்த பழைய பன்னிரண்டை எடுத்துவிட்டு, அதே எண்ணோடு புதியதை வைத்தார். வருஷா வருஷம் பிள்ளைகள் பார்த்து வரைந்து கொண்டுவந்து நீட்டினால், ஏதோ ஒரு வருஷம் அவளே வாயைத் திறந்து சொல்லிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் சிரிப்புக்குரியது. ஒரு பிள்ளையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. டாக்டர் பட்டுவின் கட்டுரையில் அச்சான படத்தைப் பார்த்து இடஞ்சுழியை அழகாக வரைந்து கொடுத்துவிட்டு, முழு மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எண்பத்து மூன்றில் சின்னத்தாய் என்று ஒருத்தி. மேலூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். செய்முறைத் தேர்வு முடிந்து நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம், எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நோட்டோடு நல்லகாமனிடம் வந்தாள். பன்னிரண்டு படம் வரைந்திருந்தாள். புள்ளிக்குப் புள்ளி அவர் அரைத்த மணிகள், பன்னிரண்டும் வலஞ்சுழி. பன்னிரண்டின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. கவனமாகப் பார்க்கவும் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த ஒரு பரீட்சையில் அவள் தேறவில்லை.

“நான் பாத்ததத்தாண்ணே வரைஞ்சேன்” என்றாள். அழுது ஓய்ந்த முகம். “பத்துத் தடவ பாத்தேன். மேடம் கட்டுரைல எப்புடித் தப்பு வரும்? ஒருவேள ஸ்லைடுதான் தப்போ?”

நல்லகாமன் நிமிர்ந்தபோது வாசலில் பட்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளேயும் வரவில்லை, நகரவும் இல்லை. இப்போதாவது அவள் சொல்லட்டும் என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஆமா தாயி” என்றார் நல்லகாமன். “ஸ்லைடுதான் தப்பு. வலத்துக் கல்லுக்குப் பதிலா இடத்துக் கல்ல மாத்தி ஒட்டிப்புட்டேன். ஒன் கண்ணு சரியாத்தான் பாத்துருக்கு. அந்தா மேடமே நிக்கிறாகள்ல, சொல்லு, மார்க்கப் போட்டுருவாக.”

சின்னத்தாய்க்கு உயிர் வந்துவிட்டது. ஓடிப்போய் நோட்டை நீட்டினாள். பட்டு பேனாவை எடுத்து, பன்னிரண்டு குறுக்குக் கோட்டையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் சரி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள். அந்தப் பெண் முன்னால் ஏதாவது பேசியாக வேண்டுமே.

“இனிமே இந்த மாதிரி ஆகாமப் பாத்துக்கோங்கோ, நல்லகாமன்” என்றாள்.

“சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து அந்தப் பன்னிரண்டையும் எடுத்தார்.